பதினஞ்சு பேர் பார்த்த புள்ளி

உங்களுக்கு எத்தனை தடவை சொட்டு விட்டாங்க அண்ணாச்சி? எனக்கு மூணு. இன்னும் கண்ணுப்பாப்பா விரியலையாம். கண்ணை மூடிட்டு உக்காருங்கன்னு சொல்லிட்டு அந்த நர்சம்மா போயிருச்சு. கண்ணை மூடிக்கிடலாம், வாயை மூட முடியல பாத்துக்கோங்க. காலையில ஏழரைக்குப் போட்ட டோக்கன். நீங்க தூங்கணும்னா சொல்லிருங்க, நான் நிறுத்திக்கிடுறேன்.

தூங்கலையா. சரி.

நான் போலீசு. பேரு சோலையப்பன், ஆயுதப்படையில எஸ்.எஸ்.ஐ. பயந்துறாதீங்க, லத்தி எடுத்துக்கிட்டு ரோட்டுல நிக்கிற போலீசு இல்லை. ஆர்மரி நம்ம பொறுப்பு. துப்பாக்கிகளைத் தொடச்சு, எண்ணெய் போட்டு, பழுது பாத்து, பூட்டி வைக்கிற வேலை. வருசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சுட்டுப் பழகணும்ல, அப்ப ரேஞ்சுல நின்னு சொல்லிக்குடுக்கிறதும் நான்தான். இருபத்திரண்டு வருசமா அந்த மண்ணுல நிக்கிறேன். எங்க மாவட்டத்துல இன்னைக்கு இன்ஸ்பெக்டரா இருக்கிறவன்ல பாதிப்பேருக்கு ‘மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி மெதுவா அமுக்குடா’ன்னு சொல்லிக்குடுத்தது இந்த வாய்தான். இன்னும் ஏழு மாசம் இருக்கு ரிட்டயர்டு ஆக.

கண்ணுல ஒண்ணும் இல்லை எனக்கு. வீட்டுக்காரிதான் அனுப்பி வச்சா. பிளாட்பாரத்துல வாங்குன வாசிக்கிற கண்ணாடி உடைஞ்சு போச்சு, இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன்னேன், ஒழுங்கா டெஸ்ட் பண்ணி வாங்கிட்டு வந்தா வாங்க, இல்லாட்டி பேப்பர் படிக்காம கெடங்கன்னுட்டா. அப்படித்தான் வந்தேன். வராமலே இருந்திருக்கலாம்.

கேளுங்க. நாலு மாசத்துக்கு முன்னால மேல இருந்து ஒரு பெட்டி வந்துச்சு. அதுக்குள்ள ஆறு ரெட் டாட். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தீப்பெட்டி அளவுல ஒரு சாமான், அதுல சின்னதா ஒரு கண்ணாடி. கைத்துப்பாக்கி மேல மாட்டுறது. ஸ்விட்சை அமுக்குனா கண்ணாடிக்குள்ள செகப்பா ஒரு புள்ளி எரியும். அந்தப் புள்ளிய எங்க வைக்கிறீங்களோ அங்க குண்டு போகும். அவ்வளவுதான் விசயம். எங்க காலத்துல அப்படி இல்லை. துப்பாக்கிக்கு முன்னால ஒரு முனை, பின்னால ஒரு பள்ளம். பள்ளத்துக்கு நடுவுல முனையை நிறுத்தி, அதைக் கொண்டுபோய் இலக்குல வைக்கணும். மூணையும் ஒருசேரக் கண்ணு பாக்கணும். வெள்ளெழுத்து வந்துட்டா அந்த முனை மசமசன்னு போயிரும். நாப்பத்தஞ்சு வயசு தாண்டுன போலீசுக்காரன் பாதிப்பேரு குத்துமதிப்பாத்தான் சுடுறான். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிறாதீங்க.

பெட்டியோட ஒரு தாளும் வந்துச்சு. இந்தச் சாமான் கைத்துப்பாக்கிக்குப் பிரயோஜனமா, இல்லையா, காரணம் என்ன, சுட்டுப்பாத்து எழுதி அனுப்புங்கன்னு. எங்க டி.எஸ்.பி. அய்யா என்னையக் கூப்பிட்டு, சோலையப்பன், நீங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னாரு. அப்படிச் சொன்னா யாருக்குத்தான் சந்தோசமா இருக்காது?

பிரயோஜனமான்னு கேட்டா நான் இல்லைன்னுதான் சொல்லுவேன், அதுக்குக் காரணமும் இருக்கு. பேட்டரி செத்தா என்ன பண்ணுவான்? மழையில கண்ணாடி மேல ஒரு சொட்டு நின்னா என்ன பண்ணுவான்? நம்மகிட்ட இருக்கிற உறை எதுலயும் அது நுழையாது, உறையெல்லாம் புதுசா தைக்கணும். எல்லாத்துக்கும் மேல, துப்பாக்கிய வெடுக்குன்னு உருவுனா அந்தப் புள்ளி உடனே கண்ணுல மாட்டாது. தேடணும். கை பழகிட்டா மாட்டும், ஆனா பழகணும்ல, தினம் நூறு தடவை உருவிப் பழகணும். நம்ம பயக வருசத்துக்கு முப்பது ரவுண்டு சுடுறதுக்கே மூக்கால அழுவான். இதையெல்லாம் எழுதியிருந்தா ஒரு வம்பும் இல்லை. எல்லாம் நியாயமான காரணம்தானே? ஆனா நான் அதை எழுதல.

ஏன்னா மாட்டிப் பாத்தேன் பாருங்க, புள்ளி புள்ளியாவே இல்லை. குங்குமத்தைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு பக்கம் வால் நீட்டிக்கிட்டு, இன்னொரு பக்கம் தெறிச்சுக்கிட்டு. கண்ணாடியைத் தொடச்சேன். பேட்டரியை மாத்துனேன். வெளிச்சத்தைக் குறைச்சேன். அப்பவும் அதேதான். ஆறையும் ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தேன், ஆறும் அதே மாதிரி. அப்ப என்ன அர்த்தம்? மொத்தமும் மட்டமான சரக்குன்னுதானே அர்த்தம்? ஆறும் ஒண்ணுபோலக் கெட்டுருக்குன்னா செஞ்ச இடத்துலயே கோளாறுன்னு யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நீங்களே சொல்லுங்க.

அடுத்த வாரம் ரேஞ்சுல பதினஞ்சு பேரை நிறுத்துனேன். நல்லாச் சுடுறவன், சுமாராச் சுடுறவன்னு கலந்து பொறுக்குனது. ஆரம்பிக்கும்போதே வரிசையில நிக்க வச்சு தெளிவாச் சொல்லிட்டேன். இந்தச் சாமான்ல புள்ளி சிதறும், பயப்படாதீங்க, சிதறுறதை உள்ளது உள்ளபடி எழுதிக்குடுங்க, யாரும் எனக்காக எழுத வேண்டாம்னு. இதைவிட நேர்மையா ஒரு மனுசன் என்ன சொல்லணும்?

ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. இருபத்தஞ்சு மீட்டரு. பரமானந்தம்னு எங்க ஏட்டு ஒருத்தன், அம்பத்தோரு வயசு. அவன் சுட்டா குண்டு பக்கத்து ஆளோட தாள்ல போய் இருக்கும், அப்பேர்ப்பட்ட கை. அன்னைக்கு அஞ்சு ரவுண்டும் ஒரு உள்ளங்கைக்குள்ள வச்சுட்டான். எப்படிடா பரமானந்தம்னு கேட்டேன். ஏதோ கைவாக்குல அமைஞ்சு போச்சுங்கய்யான்னான். அப்புறம் தாளை வாங்கி, புள்ளி சிதறுகிறதுன்னு முத்து முத்தா எழுதிக் கையெழுத்துப் போட்டான். எனக்கு அன்னைக்கு அது ஒண்ணும் தோணல அண்ணாச்சி. சிதறுற புள்ளிய வச்சு ஒருத்தன் எப்படி உள்ளங்கைக்குள்ள சுடுவான்னு ஒரு கேள்வி வரணும்ல? வரலையே.

பதினாலு தாள் அப்படித்தான். புள்ளி சிதறுகிறது, புள்ளி மிகவும் சிதறுகிறது, ஒருத்தன் ‘வெகுவாக’ன்னு எழுதியிருந்தான். பதினஞ்சாவது தாள்தான் வம்பு. புள்ளி வட்டமாகவும் தெளிவாகவும் தெரிகிறதுன்னு ஒரே வரி. கீழ நாகஜோதின்னு கையெழுத்து.

நாகஜோதி யாருன்னு சொல்லணும் உங்களுக்கு. கான்ஸ்டபிள், இருபத்தேழு வயசு. சாத்தூருப் பக்கம். அப்பா பட்டாசு செய்யுற ஆபீசுல சுமை தூக்குறவரு. நான்தான் அந்தப் பொண்ணுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கத்துக்குடுத்தேன். நல்ல கை. அலட்டாது, ஒரு வார்த்தை கூடப் பேசாது. வேலை பாத்துக்கிட்டே எஸ்.ஐ. பரீட்சை எழுதி, ஓட்டம் தாண்டி, எல்லாம் தாண்டி, மெடிக்கல் மட்டும்தான் பாக்கின்னு நிக்கிது. அந்த வீட்டுல இதுவரை யாரும் நாற்காலியில உக்காந்து வேலை பாத்ததில்லை. மெடிக்கல் தாண்டிட்டா தோள்ல ரெண்டு ஸ்டார்.

கூப்பிட்டேன். என்னம்மா, சரியாப் பாத்தியான்னேன். பாத்தேங்கய்யான்னுச்சு. பதினாலு பேருக்குச் சிதறுது, எனக்குச் சிதறுது, உனக்கு மட்டும் எப்படி வட்டமாத் தெரியுதுன்னு கேட்டேன். இன்னொரு தடவை பாருன்னு காலித் துப்பாக்கியைக் குடுத்தேன். நல்லா நிதானமாத் தூக்கிப் பாத்துச்சு.

“வட்டமாத்தாங்கய்யா தெரியுது.”

எல்லாரும் நிக்கிறாங்க, பாத்துக்கோங்க. பரமானந்தம் வானத்தைப் பாக்குறான். எனக்குச் சுருக்குன்னுச்சு. எதுத்துப் பேசுதுன்னு நான் நினைக்கல, சாமி சத்தியமா நினைக்கல. அதுக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னுதான் நினைச்சேன். அக்கறையிலதான் செஞ்சேன். அன்னைக்கே ஒரு குறிப்பு எழுதி வச்சேன். இவர் பார்வை சந்தேகத்துக்குரியது, மருத்துவச் சான்று வரும்வரை ஆயுதப் பணி தர வேண்டாம்னு. அந்தப் பொண்ணைத் தூக்கி வயர்லெஸ் ரூம்ல போட்டாங்க. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருச்சு.

அது சும்மா இருந்துச்சா? அடுத்த நாள் போனைத் தூக்கிட்டு வந்துச்சு. அய்யா, புள்ளிய போன்ல போட்டோ எடுத்திருக்கேன், பாருங்கன்னு. ரேஞ்சுல நிக்கும்போதே எடுத்திருக்கு. பாத்தேன். வட்டமாத்தான் இருந்துச்சு. போனுக்குக் கண்ணுல கோளாறு இருக்காதுல்லங்கய்யான்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏம்மா, இப்ப வர்ற போனு மூஞ்சியில இருக்கிற பருவையே அழிச்சுக் குடுக்குது, ஒரு புள்ளிய உருட்டிக் குடுக்காதான்னு கேட்டேன். பக்கத்துல இருந்தவனெல்லாம் சிரிச்சான். நல்லாத்தானே கேட்டேன்? இப்பவும் நல்ல கேள்வியாத்தான் தெரியுது.

பெரியாஸ்பத்திரிக்குப் போய் சர்ட்டிபிகேட்டும் வாங்கிட்டு வந்துருச்சு, ரெண்டு கண்ணும் பழுதில்லைன்னு. நான் ஒத்துக்கிடல. ஆஸ்பத்திரியில எழுத்துப் பலகையத்தானே காட்டுவான், ரெட் டாட்டயா காட்டுவான்? குறிப்பு இருக்கட்டும்னுட்டேன். பிடிவாதம்னு வச்சுக்கோங்க. வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவா. ஆனா ஒருத்தன் இருபத்திரண்டு வருசம் ஒரு வேலையப் பாத்தா அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா அண்ணாச்சி?

அப்படியே மூணு மாசம் ஓடிப்போச்சு. மெடிக்கலுக்கு தேதி வந்துருச்சு, வர்ற திங்கக்கிழமை. பைல்ல ‘பார்வை சந்தேகம்’னு என் குறிப்பு உக்காந்திருக்கு. மெடிக்கல்ல அதைப் பாத்தாங்கன்னா அவ்வளவுதான், அடுத்த தடவை பாப்போம்னுருவாங்க. அடுத்த தடவைன்னா பரீட்சை, ஓட்டம் எல்லாம் முதல்லருந்து. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன். அது வந்து நின்னு கேக்கட்டும்னு இருந்தேன்.

வந்துச்சு. முந்தாநாள் வியாழக்கிழமை காலையில ஆர்மரி வாசல்ல வந்து நின்னுச்சு. அய்யா, இன்னொரு தடவை பாக்கட்டுமான்னு கேட்டுச்சு. வாம்மான்னு எடுத்துக் குடுத்தேன். துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரா முழுசாத் தூக்கக்கூட இல்லை அண்ணாச்சி. நெஞ்சு வரைக்கும் கொண்டு வந்துச்சு, இறக்கிருச்சு.

“ஆமாங்கய்யா. சிதறுது.”

எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கிறீங்க. பாத்தியா, நான்தான் அப்பவே சொன்னேன்லன்னேன். உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தேன், ஒரு பருப்பு வடையும். நிதானமாப் பாத்தா எல்லாருக்கும் தெரியும்மா, அவசரப்படக் கூடாதுன்னு புத்தி வேற சொன்னேன். தலையாட்டி தலையாட்டிக் கேட்டுக்கிட்டுச்சு. வடையை மட்டும் தொடல. புதுத் தாள்ல புள்ளி சிதறுகிறதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு. நானும் உடனே குறிப்பை அடிச்சு விட்டு, மறுபரிசோதனையில் இவர் பார்வை சரியாக உள்ளதுன்னு எழுதி பைலை அனுப்பிட்டேன். பாருங்க, ஒரு நிமிசம் கூட தாமதிக்கல. எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு கோவமும் கிடையாது.

அது வியாழக்கிழமை. இன்னைக்குச் சனிக்கிழமை. இப்ப ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால, இந்தச் சொட்டு விடுறதுக்கு முன்ன, அந்தா அந்த இருட்டு ரூம்ல என்னைய உக்கார வச்சாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு, டெஸ்ட் பண்ணுறது. தூரத்துல ஒரு குட்டி லைட்டைப் போட்டு, எப்படித் தெரியுதுங்கய்யான்னு கேட்டுச்சு. சிதறுதும்மா, உங்க லைட்டு சரியில்லை, மாத்துங்கன்னேன். அது சிரிச்சுக்கிட்டே ஏதோ ஒரு கண்ணாடியைச் செருகி, திருகி, இப்பங்கய்யான்னுச்சு.

வட்டமா இருந்துச்சு அண்ணாச்சி. மிளகு மாதிரி, உருண்டையா, ஓரம் சுத்தமா. அதை எடும்மான்னேன். எடுத்துச்சு. சிதறுச்சு. மறுபடி போடுன்னேன். உருண்டையாச்சு. நாலு தடவை அப்படிப் போட்டு எடுக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு பயந்தே போச்சு, என்னாச்சு தாத்தான்னுச்சு. அது வரைக்கும் அய்யான்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த பிள்ளை. உங்களுக்குச் சிலிண்டர் பவரு இருக்கு, அதான் வெளிச்சம் சிதறுது, சின்ன வயசுலருந்தே கொஞ்சம் இருந்திருக்கும், வயசாக ஆகக் கூடியிருக்கும், இது பல பேருக்கு உள்ளதுதான், கண்ணாடி போட்டா சரியாயிரும்னு சொல்லுச்சு. சின்ன விளக்கெல்லாம் இத்தனை நாளும் சிதறித்தானே தெரிஞ்சிருக்கும், நீங்க யார்கிட்டயும் சொல்லலையான்னு கேட்டுச்சு. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சேம்மான்னேன். வேற என்ன நினைப்பான் ஒரு மனுசன்?

வெளிய வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்தேன். மூணு சொட்டு விட்டாங்க. எனக்கு என்ன ஓடுதுன்னா, பதினாலு பேரு. பதினாலு ஆம்பளைங்க, கல்யாணம் ஆகி பிள்ளை குட்டி இருக்கிறவனுங்க. ஒருத்தனுக்காவது வட்டமாத் தெரிஞ்சிருக்கும்ல. பரமானந்தத்துக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாம உள்ளங்கைக்குள்ள சுட முடியாது. படுபாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தனியா வந்து, அய்யா உங்க கண்ணைக் காட்டுங்கன்னு சொல்லக் கூடாதா? நான் என்ன அடிக்கவா போறேன்?

சரி, போனது போகட்டும், இப்பவாவது சரி பண்ணுவோம்னு நினைச்சேன். பதினஞ்சு தாளும் ஒத்துப்போகட்டும்னு அனுப்பாம வச்ச ரிப்போர்ட்டு இன்னும் என் மேசையிலதான் இருக்கு. அந்தப் பொண்ணு முதல்ல எழுதிக்குடுத்த தாளும் அதுலதான் கெடக்கு, கிழிக்கல. எல்லாத்தையும் தள்ளிட்டு, உள்ளதை எழுதிருவோம். சாமான் நல்ல சாமான், வயசான ஆளுகளுக்கு ரொம்பப் பிரயோஜனம், பழக்கம் மட்டும் குடுக்கணும், சிதறுனது என் கண்ணுலதான்னு எழுதிருவோம். ஆர்மரியை விட்டு எடுத்துருவாங்க என்னைய, எடுக்கட்டும், ஏழு மாசம் வாசல் கேட்டுல காவலுக்கு நின்னுட்டுப் போறேன். முதல்ல அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவோம், சந்தோசப்படும்னு போனைப் போட்டேன். இப்ப, நீங்க வந்து உக்கார்றதுக்குக் கொஞ்சம் முன்னால.

எடுத்துச்சு. சொல்லுங்கய்யான்னுச்சு. நான் எல்லாத்தையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில இருக்கேன், என் கண்ணுலதான் கோளாறாம், நீ முதல்ல எழுதினதுதான்மா சரி, அதை வச்சே ரிப்போர்ட்டை அனுப்பப் போறேன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோம்மான்னு கூட சொன்னேன் அண்ணாச்சி. நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்லை.

மெதுவா சொல்லுச்சு, அய்யா, அதை அனுப்பாதீங்கய்யான்னு. ஏம்மான்னேன். நான் ரெண்டு விதமா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேங்கய்யா, ஒண்ணு பொய்யின்னு ஆயிரும், எது பொய்யின்னு கேப்பாங்க, திங்கக்கிழமை மெடிக்கல்ங்கய்யான்னுச்சு. நான் சொல்லி எழுதுனதுன்னு நானே சொல்லுறேம்மா, உன் மேல ஒண்ணும் வராதுன்னேன். வேண்டாங்கய்யா, எனக்குச் சிதறத்தான் செய்யுது, நல்லாப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்னுச்சு.

இல்லம்மா, இது ரிப்போர்ட்டுக்காக இல்லை, யாருக்கும் சொல்லப் போறதில்லை, உங்க அப்பா மாதிரி நினைச்சுச் சொல்லு, உனக்கு அந்தப் புள்ளி நெசமா எப்படித்தான் தெரியுதுன்னு கேட்டேன்.

மூச்சு விடுறது கேக்குது எனக்கு. மெதுவா விட்டுட்டு, ரேஞ்சுல நான் சொல்லிக்குடுத்த மாதிரியே பாதியில நிறுத்திப் பிடிச்சுச்சு. அப்புறம் ரொம்ப மரியாதையாக் கேட்டுச்சு.

“எப்படித் தெரியணும், சொல்லுங்கய்யா.”